உதகை ஏரிக்கரையில்

நீலமலைக்கு வருவோர் உதகை ஏரியைக் காணாது திரும்புவது அரிது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர இரயிலில் குன்னூர் வழியாக மெல்ல ஏறி வந்தாலும் சரி, பேருந்தில் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்தாலும் சரி, மேலே வந்து சேர்ந்ததும் குழந்தைகள் கேட்கும் முதற்கேள்வி, "படகு எப்போது?" என்பதுதான். மே திங்களில் காந்தல் குருசடித் திருத்தலத்திற்குத் திருச்சிலுவை விழாவையொட்டி வரும் பங்குக் குடும்பங்களும், திருப்பலி முடிந்தபின் ஏரிக்கரைப் பக்கம் ஒருமுறை சென்று வருவது வழக்கம்.

படகில் ஏறி, நிழற்படம் எடுத்து, சுடச்சுட வறுத்த கடலையைக் கொறித்துவிட்டுத் திரும்பும் நாம், அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எதைச் சுமந்து வருகிறது, பின் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை அதனையே நோக்கமாகக் கொண்டு, சரிவின் மேலிருந்து ஓடை வழியே இறங்கி ஏரிக்கரை வரை நடந்தோம். கண்டவற்றையும், கற்றவற்றையும், நம் இல்லங்களில் செய்யத்தக்கவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஏரி பிறந்த கதை

உதகை ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. நீலமலையில் இன்று நாம் காணும் பெரிய நீர்நிலைகள் யாவும் மனிதர் கட்டியவையே. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குறுத்தி என்பனவெல்லாம் மின்னாக்கத்திற்காகப் பிற்காலத்தில் எழுந்த அணைகள். அவற்றிற்கெல்லாம் மூத்தது உதகை ஏரி. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்பார் 1819இல் இம்மலை மீது ஏறி வந்தார். அதன் குளிரிலும் எழிலிலும் மனம் பறிகொடுத்து, வீடு கட்டி, தோட்டம் அமைத்து, 1823க்கும் 1825க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் ஓடைகளைத் தடுத்து மண்கரை எழுப்பி இவ்வேரியை உண்டாக்கினார்.

அந்நாளில் ஏரி இன்றிருப்பதைவிட மிகப் பெரியது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்ல மக்கள் ஓடம் ஏறினர். மும்முறை கரை உடைந்து ஏரி வெறுமையாயிற்று என்றும், மும்முறையும் மீண்டும் கட்டப்பட்டது என்றும் கூறுவர். நகரம் வளர வளர, ஏரி சுருங்கிற்று. அதன் மேற்பகுதி மண்ணால் மேடாக்கப்பட்டது. இன்று நாம் பேருந்தை விட்டு இறங்கும் நிலையமும், குதிரைப் பந்தயத் திடலாய் விளங்கிய பரந்த வெளியும், ஏரிப் பூங்காவும் ஒரு காலத்தில் நீர் நின்ற இடங்களே. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "ஏரி எங்கே இருக்கிறது?" என்று வழி கேட்கிறோம், நாம் கேட்டு நிற்கும் இடமே ஏரியின் பழைய மடி! இப்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்பு. 1973ஆம் ஆண்டில் சுற்றுலாத் துறை இதனைப் பொறுப்பேற்றுப் படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்தது.

சல்லிவன் வருமுன் இப்பள்ளத்தாக்கு எவ்வாறு இருந்திருக்கும்? மலைச்சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு. இம்மூன்றும் சேர்ந்ததே நீலமலையின் நீர்க்களஞ்சியம். சதுப்பு என்றதும் பயனற்ற சேற்று நிலம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இம்மலையின் தொல்குடியினரான தோடர்கள், தங்கள் புனித எருமைப் பால்மனைகளுக்குக் கூரை வேய, சதுப்பில் வளரும் ஒரு வகைப் புல்லையே தேடிச் செல்கின்றனர். சதுப்பு வற்றினால் அப்புல் அழியும். புல் அழிந்தால் அவர்களுடைய வழிபாட்டு இடத்தின் கூரையும் கேள்விக்குள்ளாகும். நமக்குச் சேறாய்த் தெரிவது, அவர்களுக்குக் கோயிலின் முகடாய் விளங்குகிறது.

ஓடை வழியே

தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரமுடையது. அதன் சரிவுகளில் இன்றும் ஆங்காங்கே சோலைகள் எஞ்சியுள்ளன. உள்ளே கால் வைத்தால், பஞ்சின்மேல் நடப்பது போல் தரை அமுங்குகிறது. எத்தனையோ தலைமுறை இலைகள் மக்கிப் படிந்த மண் அது. பெய்யும் மழையை அது உடனே ஓடவிடுவதில்லை. குடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத் திங்களிலும் துளித்துளியாய் ஈகின்றது. அவ்விடத்து ஊற்றில் அள்ளிய நீரில் நம் கைவிரல் ரேகை தெளிவாய்த் தெரிந்தது.

சோலையை விட்டு வெளியே வந்தால் கற்பூர மரம் என்று மலைமக்கள் வழங்கும் தைல மரக்காடுகள். விறகுக்கும் தைலத்துக்குமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட மரம் இது. ஏழை மக்களின் அடுப்பெரித்த நன்றியை நாம் மறுக்கவில்லை. எனினும் உதகையிலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், ஒரு சிறு பள்ளத்தாக்கின் புல்வெளியில் பாதிக்கு மேல் இம்மரத்தை நட்டு, அருகிலிருந்த புல்வெளிப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டனர். முதல் பத்தாண்டுகளில் ஓடையில் வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது; மரத்தை வெட்டி, அது மீண்டும் தழைத்த அடுத்த பத்தாண்டுகளில் குறைவு இன்னும் மிகுந்தது. மேலே எதை நடுகிறோமோ அதற்கேற்பவே கீழே நீர் வருகிறது என்பதை இது தெளிவாய்க் காட்டுகிறது.

மேலும் இறங்கினால், காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு விளையும் நிலங்கள். பாத்திகள் பல மேலிருந்து கீழ்நோக்கி ஏணிபோல் இறங்குகின்றன. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று உழவர் அஞ்சுவதால் இவ்வாறு அமைக்கின்றனர். மழை வலுத்தால் நீரோடு மண்ணும் வழுக்கி ஓடைக்குள் வந்து விழுகிறது. மண் மட்டுமா? இட்ட உரமும், தெளித்த மருந்தும் அதனோடு வருகின்றன.

ஓடையோரத்தில் களைகொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, ஓடையை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டுப் புல் வளர்க்கலாமே?" என்று கேட்டோம். அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "விடலாமுங்க. எனக்கிருப்பதே இந்த அரை ஏக்கர். இரண்டு பாத்தியை விட்டால் பேத்தி பள்ளிக்கூடப் பணத்தை யார் கட்டுவாங்க?" என்றார். அவர் கேள்விக்கு அவ்விடத்தில் நம்மிடம் விடையில்லை. ஏரியைக் காக்க வேண்டும் என்பது எளிது. அதன் விலையை ஏழை மட்டுமே செலுத்த வேண்டும் என்பது நீதியாகாது. இதனை இக்கட்டுரையில் மீண்டும் காண்போம்.

அதன் கீழே வீடுகள் நெருங்கத் தொடங்குகின்றன. சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், சில இடங்களில் சொல்லக் கூசும் குழாயும் நேரே ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நகருக்குள் நுழையும்போது ஓடைக்குக் கோடப்பமந்து கால்வாய் என்று பெயர். கடைவீதிகளையும் சாலைகளையும் ஒட்டி ஓடி, எல்லார் வீட்டுக் கழிவையும் வாங்கிக்கொண்டு, இறுதியில் அது ஏரியில் கலக்கின்றது. உதகையில் பாதாளச் சாக்கடை உண்டு. காந்தலில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. ஆயினும் இணைப்புப் பெறாத வீடுகளின் கழிவும், பெருமழையில் சாக்கடைத் தொட்டிகள் பொங்கி வழிவதும் கால்வாய் வழியாகவே ஏரியை அடைகின்றன. மேலே கைவிரல் ரேகை காட்டிய நீர், நான்கைந்து கிலோமீட்டர் நடப்பதற்குள் நம்மை மூக்கைப் பொத்த வைத்துவிட்டது.

நீர் எவ்வாறு நோயுறுகிறது?

ஏரி நோயுறுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. கழிவுநீரிலும், சலவைத் தூளிலும், உரத்திலும், சாணத்திலும் பாஸ்பரசும் நைட்ரஜனும் அடங்கியுள்ளன. வயலுக்கு உரமாவது நீருக்கும் உரமாகும். ஏரிநீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகி நீர் பச்சை நிறமாகிறது. சூரிய ஒளி அடிவரை செல்லாது. பாசிகள் மடிந்து அடியில் படியும்போது, அவற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன. சேற்றிலிருந்து நாற்றம் எழுகிறது. மனிதக் கழிவோடு வரும் நோய்க்கிருமிகள் வேறு.

உரமுண்ட நீரை நாடி வருவது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவில் பிறந்து, அழகிய ஊதா மலருக்காக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டு, இன்று நம் குளங்களையெல்லாம் போர்த்தி நிற்கும் களை. உதகை ஏரியிலும் இது பலமுறை படர்ந்து, பெருஞ்செலவில் அகற்றப்பட்டிருக்கிறது. அகற்றிய களையைக் கரையிலேயே குவித்து வைத்தால், அது அழுகி, உண்ட உரத்தையெல்லாம் மழைநீரோடு மீண்டும் ஏரிக்கே திருப்பித் தந்துவிடும். தொலைவே எடுத்துச் சென்று மக்கவைத்து நிலத்துக்கு எருவாக்கினால்தான் அகற்றிய உழைப்புக்குப் பயனுண்டு.

மற்றொன்றையும் கருத வேண்டும். பாஸ்பரசு நீரில் மட்டும் வருவதில்லை. மண் துகளைப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆதலின் சரிவில் மண் அரிப்பைத் தடுப்பவர், ஏரி மேடாவதையும் தடுக்கிறார், பாசி பெருகுவதையும் தடுக்கிறார். 2001இல் மைய அரசு தொடங்கிய தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இடம்பெற்றன. தூர் வாருவதும் களை எடுப்பதும் தேவையே. ஆனால் வருவதை நிறுத்தாமல் வந்ததை மட்டும் வாருவது, ஓட்டைப் படகில் அமர்ந்து நீரை இறைப்பது போன்றது. தொடக்கநூலில் ஈசாக்கின் வரலாற்றை நாம் அறிவோம். தந்தை ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பிறர் மண்ணிட்டுத் தூர்த்தனர். மகன் அவற்றைத் திரும்பத் தோண்டினார். நம் கதை அதனினும் வேறானது. நம் கிணற்றில் நாமே மண்ணிடுகிறோம், பின்னர் நாமே தோண்டுகிறோம், மறுபடியும் மண்ணிடுகிறோம்.

கரை ஒரு காவலன்

ஏரியைச் சுற்றி நடந்தபோது, கரையின் இரு வகைத் தோற்றங்களைக் கண்டோம். ஓரிடத்தில் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சுவர். அதன் மேல் வண்ணம் பூசிய கம்பி வேலி. பார்வைக்குத் தூய்மையாயிருந்தது, ஆனால் அங்கே உயிரின் அசைவு இல்லை. மற்றோரிடத்தில் நாணலும் கோரையும் அடர்ந்து, நீரும் நிலமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாதபடி ஒரு சரிவு. அங்கே தட்டான்கள் பறந்தன. தாழைக்கோழி ஒன்று தன் குஞ்சுகளோடு தண்டுகளுக்கிடையே நழுவிச் சென்றது. மீன்கொத்தி ஒன்று கிளையில் காத்திருந்தது.

ஒழுங்கற்றதாய்த் தோன்றும் அந்தப் புதர்க்கரையே ஏரியின் உண்மைக் காவலன். மேட்டிலிருந்து வரும் மழைநீரின் வேகத்தை அது தணிக்கிறது; மண்ணை வடிகட்டுகிறது; கரைந்துவரும் உரத்தை வேர்களால் உறிஞ்சிக்கொள்கிறது; அலை மோதிக் கரை இடியாமல் பிடித்து வைக்கிறது. மீன்கள் அதன் தண்டுகளில் முட்டையிடுகின்றன. தவளைகள் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறும் படிக்கட்டும் அதுவே. செங்குத்தான சுவரில் தவளை எவ்வாறு ஏறும்? தவளை குறைந்தால் கொசு மிகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, நீர் விளிம்பு வரை 'அழகுபடுத்தும்' ஆசை நம் அனைவரிடமும் உண்டு. அந்த ஆசையைச் சிறிது அடக்குவதே ஏரிக்கரைவாசி செய்யத்தக்க முதல் தவம்.

அன்னசி நகரின் படிப்பினை

இவ்வளவு கெட்ட நீர் மீண்டும் தெளியுமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் ஊரின் செய்தியைச் சொல்வோம். பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அன்னசி என்னும் நகரும், அதே பெயருடைய ஏரியும் உள்ளன. கத்தோலிக்கர்க்கு அவ்வூர் அயலன்று. ஜெனீவாவின் ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் வாழ்ந்து இறைபணியாற்றிய இடம் அது. புனித ஷாந்தால் அம்மையாரோடு அவர் 1610இல் மரியன்னை சந்திப்புக் கன்னியர் சபையைத் தோற்றுவித்ததும் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மறைபரப்பாளர் பலர் அவ்வூரிலிருந்தே ஆந்திரக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தனர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அன்னசி ஏரியும் கழிவால் கெடத் தொடங்கிற்று. போல் செர்வெத்தாஸ் என்னும் மருத்துவர் ஒருவர் ஏரி நோயுற்றிருக்கிறது என்று ஊர் ஊராய் எடுத்துரைத்தார். தொடக்கத்தில் செவிசாய்த்தோர் சிலரே. எனினும் 1957இல் கரையோர ஊராட்சிகள் எட்டு ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஏரியைச் சுற்றிலும் மாலை போட்டாற்போல் சாக்கடைக் குழாய் பதித்து, கழிவு ஒரு சொட்டும் ஏரியில் விழாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். அப்பணி முடியப் பல ஆண்டுகள் ஆயின. இன்று ஐரோப்பாவின் தூய ஏரிகளுள் ஒன்றாக அன்னசி போற்றப்படுகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியும் இவ்வாறே. மக்கள் 1958இல் வாக்களித்து வரிச்சுமையை ஏற்றனர். 1963 முதல் 1968 வரை படிப்படியாய்க் கழிவுநீர் திருப்பிவிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நீர் தெளியத் தொடங்கிற்று. ஏரிக்கு நாம் மருந்து கொடுக்க வேண்டுவதில்லை. நஞ்சு கொடுப்பதை நிறுத்தினால், இறைவன் அதற்குள் வைத்துள்ள ஆற்றலே அதனை நலப்படுத்தும்.

கரையோர இல்லங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, நம் வீட்டுக் குழாய் எங்கே முடிகிறது என்று அறிவோம். இதனைத் தெளிவாய்ச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? பாதாளச் சாக்கடை தெருவில் இருந்தால், செலவைப் பாராது இணைப்புப் பெறுவோம். இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் முறையாய்க் கட்டப்பட்டதா, அதன் வெளிநீர் உறிஞ்சுகுழியில் இறங்குகிறதா, அல்லது ஓடையில் விழுகிறதா என்று பார்ப்போம். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை அதனைக் காலி செய்ய வேண்டும். வாங்கிச் செல்லும் வண்டிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்பதும் நம் கடமையே. இருளில் பள்ளத்தில் கொட்டினால், நம் வீட்டில் தொட்டி கட்டியதால் பயனென்ன?

இரண்டாவது, சமையலறை, குளியலறை நீர். சலவைத் தூளை அளவோடு பயன்படுத்துவோம். எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் தொட்டியில் ஊற்றாது தனியே எடுப்போம். கொல்லையில் சிறு பள்ளம் தோண்டி, சரளைக் கல்லிட்டு, கல்வாழையும் சேம்பும் நட்டு, அந்நீரை அதில் விட்டால், பெரும்பகுதி அழுக்கு அங்கேயே தங்கிவிடும்.

மூன்றாவது, ஓடையையும் ஏரியையும் ஒட்டிய நிலம். விளிம்பிலிருந்து பத்தடியேனும் உழாமல், வெட்டாமல், புல்லும் நாணலும் வளர விடுவோம். அதற்கப்பால் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்போம். மழைமேகம் திரண்டிருக்கும் நாளில் உரமிடுதல் பணத்தை ஓடையில் எறிவதற்கு ஒப்பாகும். மருந்து தெளிக்கும் கருவியை ஓடையில் கழுவுதல் கூடாது. தேயிலைத் தோட்டங்களிலும், பள்ளத்தின் அடியிலுள்ள சதுப்பை வடித்துச் செடி நடாமல் விட்டு வைப்பது, கோடையில் அத்தோட்டத்திற்கே ஊற்றைக் காத்துத் தரும்.

இங்கேதான் அந்த முதியவரின் கேள்வி மீண்டும் எழுகிறது. பெருந்தோட்டத்தார் பத்தடி விடுவது எளிது. அரை ஏக்கர்காரர்க்கு அது வயிற்றுப்பாடு. அவர் விடும் இரு பாத்திக்கு ஈடாக, அதே ஓரத்தில் மாட்டுக்குத் தீவனமாகும் புல்லை வளர்க்கலாம்; வேரூன்றிய புல்லை அறுத்தெடுத்தாலும் மண் போகாது. கரைப் புல்லுக்கும் தடுப்பு வரப்புக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கைக் கீழே நல்ல நீரால் பயன்பெறுவோர் ஏற்பது நீதியன்றோ? நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையும், உழவர் குழுக்களும், உள்ளாட்சியும் கூடிப் பேச வேண்டிய பொருள் இது. ஏழையின் தோளில் மட்டும் ஏற்றிய நற்பணி நெடுந்தொலைவு செல்லாது.

நான்காவது, கால்நடையும் வண்டியும். மாடுகளையும் சவாரிக் குதிரைகளையும் ஓடைக்குள் இறக்காமல், கரையில் தொட்டி வைத்து நீர் காட்டலாம். சாணக்குழிக்கு மேல் கூரை இருந்தால் மழை அதனைக் கரைத்துச் செல்லாது. வண்டிகளை நீர்நிலையில் கழுவும் வழக்கத்தை அறவே விடுவோம்.

ஐந்தாவது, குப்பை. நாட்டின் பிற பகுதிகள் விழிக்குமுன்பே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதிலும் தடை நடைமுறைக்கு வந்தது. மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே திங்கள் முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இணைய வழி அனுமதிச் சீட்டும் வந்துள்ளது. சட்டம் வழிகாட்டும், மனம்தான் நடக்க வேண்டும். நம் பங்குத் திருவிழாக்களில் காகிதக் குவளைக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் மாறாக எவர்சில்வர் தம்ளர்களையும் இலைகளையும் பயன்படுத்தலாம். ஒருமுறை வாங்கினால் பங்கிற்குப் பல்லாண்டு உதவும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென்று சோலையின் பாறைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் பச்சைப் பாசியை உரித்து வரவேண்டாம் என்றும் வேண்டுகிறோம். நீரைப் பிடித்து வைக்கும் அப்பாசி, மீண்டும் படர நெடுங்காலம் ஆகும். மாட்டுக் கொட்டிலில் பிறந்த பாலனுக்கு வைக்கோல் போதும்.

ஆறாவது, வீடு கட்டுவோர்க்கு. மலையை வெட்டிய மண்ணைத் திறந்தபடி விட்டால், ஒரே மழையில் அது ஏரியில் இருக்கும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் கொட்டிய மழையும், நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த மண்சரிவுகளும், நீரின் வழியை மறித்துக் கட்டுவதில் உள்ள ஆபத்தை நமக்கு உணர்த்தின. நீரின் வழியை விட்டுக் கட்டுவது ஏரிக்கு மட்டுமன்று, நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இளைஞர்க்கு ஒரு பணி

பங்கு இளைஞர்க்கு எளிய பணியொன்றைக் கூறுவோம். 1865இல் திருத்தந்தையின் கப்பலொன்றில் மத்தியதரைக் கடலில் சென்ற இயேசு சபைத் துறவி ஆஞ்செலோ செக்கி, வானியல் அறிஞர், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து நீரின் தெளிவைக் கணித்தார். இன்றும் உலகெங்கும் ஏரி ஆய்வாளர்கள் அம்முறையைக் கையாளுகின்றனர். தட்டும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு வட்டத் தட்டும், முடிச்சிட்ட கயிறும் போதும். பொறுப்பாளரின் இசைவோடும் பெரியோர் துணையோடும், திங்கள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து குறித்து வந்தால், ஓராண்டில் ஏரியின் நலிவும் நலமும் எண்களாய்க் கையில் இருக்கும். நகராட்சிக்கு எழுதும்போது, "ஏரி கெட்டுவிட்டது" என்று பொதுவாய் முறையிடுவதைவிட, "இத்திங்களில் இத்தனை அங்குலம் குறைந்தது" என்று எழுதுவது வலிமையுடையது.

தனி வீடுகள் செய்யக்கூடியதற்கு எல்லையுண்டு என்பதையும் நாம் மறைக்கலாகாது. சாக்கடை இணைப்பும், சுத்திகரிப்பு நிலையத்தின் திறனும், கால்வாயின் காவலும் அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியவை. கேட்பதும், மீண்டும் கேட்பதும், கேட்டது நிறைவேறும்போது அதற்கான வரியை முகம் சுளிக்காமல் செலுத்துவதும் குடிமக்களின் பங்கு.

கீழே உள்ளோர்

உதகை ஏரியை விட்டு வெளியேறும் நீர் காந்தல் பக்கமாக இறங்கி, காமராசர் சாகர் அணையை நோக்கிச் செல்கின்றது. அதன்பின் மோயாற்றின் நீராகி, யானையும் காட்டெருதும் தாகம் தீர்க்கும் முதுமலைக் காடுகளின் ஓரமாய் ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானியோ ஈரோட்டிற்கு அருகே காவிரியில் கலக்கிறது. ஆகவே உதகையில் ஒரு குடும்பம் குழாயைத் திறந்துவிடும் நீர், சத்தியமங்கலத்தின் வயலுக்கும், கோபியின் வாய்க்காலுக்கும், இன்னும் கீழே காவிரிக்கரை மக்களுக்கும் வழியனுப்பப்படுகிறது. மேலிருப்போர் எறிவதைக் கீழிருப்போர் குடிக்கின்றனர்.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் முப்பத்து நான்காம் அதிகாரத்தில், தெளிந்த நீரைத் தாங்கள் பருகிவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கும் கொழுத்த ஆடுகளை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அவ்வாறு கலங்கியதைக் குடிக்க வேண்டியிருப்பதும் அவருடைய ஆடுகளே என்பதுதான் அக்கடிதலின் காரணம். இதைவிடத் தெளிவாய் மலைவாசிகளுக்கு எவரும் அறிவுரை கூற இயலாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், தூய குடிநீர் மனிதர் அனைவர்க்கும் உரிய அடிப்படை உரிமை என்றும், அது மறுக்கப்படும்போது ஏழைகளின் வாழ்வுரிமையே மறுக்கப்படுகிறது என்றும் கற்பித்தார். அதே ஆண்டு முதல் செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பராமரிப்பிற்கான செப நாளாகவும் அவர் ஏற்படுத்தினார்.

நீரால் திருமுழுக்குப் பெற்றவர்கள் நாம். கெனசரேத்து ஏரிக்கரையில் ஆண்டவர் சீடரை அழைத்தார். அதே கரையில் உயிர்த்தபின் அவர்களுக்குக் காலை உணவு சமைத்து வைத்தார். ஏரி நமக்கு அயலான பொருளன்று.

வருகின்ற செப்டம்பர் முதல் நாளன்று நம் மறைமாவட்டத்தின் பங்குகள் ஒவ்வொன்றும், செபமாலைக்குப் பின் ஒரு மணி நேரம் தம் ஊர் ஓடையை மேலிருந்து கீழ் வரை நடந்து பார்க்கலாம். உதகையில் கோடப்பமந்து கால்வாய். குன்னூரில் குன்னூர் ஆறு. கோத்தகிரியிலும் கூடலூரிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் அருகில் ஓடும் நீர் எதுவோ அது. எந்த வீட்டின் எந்தக் குழாய் அதில் முடிகிறது என்று குறித்துக்கொள்வோம். குறிக்கும் பட்டியலில் முதலாவதாக நம் பங்கு இல்லத்தின் குழாயும், நம் பள்ளியின் குழாயும், நம் சொந்த வீட்டுக் குழாயும் இடம்பெறட்டும். அவற்றைச் சரிசெய்த பின், அயலார் கதவைத் தட்டும் உரிமை நமக்கு வரும்.